பாண்டியராஜனை இரண்டு முறை நிறுத்தினார்கள்

கேக்

எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு வேலை போகப்போகிறது என்பது முதலில் கேக் கடைக்காரருக்குத் தெரியும். அடுத்து எனக்குத் தெரியும். வேலையை இழக்கப்போகிறவருக்குக் கடைசியில்தான் தெரியும்.

துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் அட்மின் ஆபீசராக இருந்தேன். ஒரு பெரிய வேர்ஹவுஸ், அதன் மூலையில் ஒரு கண்ணாடி ஆபீஸ். கப்பலில் வரும் கண்டெய்னர்களை இறக்கி, பிரித்து, அடுக்கி, கடைகளுக்கு அனுப்புவது தொழில். விசா, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ரூம், குடிதண்ணீர், பிரிண்டர் மை, விமான டிக்கெட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இப்போது வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் இருக்கிறேன். ஹெச்.ஆர். படித்துவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்பு இருந்த மேனேஜர் ஒரு லெபனான்காரர். ஆளை நிறுத்த வேண்டுமென்றால் கூப்பிட்டு உட்கார வைத்துக் கத்துவார். "நீ தினமும் லேட். உன்னால் ஷிஃப்ட் கெடுகிறது. கலாஸ், முடிந்தது." எதிரில் இருப்பவரும் பதிலுக்குக் கத்துவார். சில சமயம் சத்தம் அடங்கியதும், நாளைக்கு ஒழுங்காக வா என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவரை நல்ல மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணம் சரியோ தவறோ, காரணம் என்று ஒன்று இருக்கும். அதை எதிர்த்துப் பேச முடியும்.

அவர் போன பிறகு ஹெச்.ஆர். மேனேஜராக நிர்மல் சார் வந்தார். சென்னையில் படித்தவர். சட்டைக் கையை அளவாக மடித்துவிட்டிருப்பார். எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார், எல்லோரிடமும் சிரிப்பார். முதல் மீட்டிங்கிலேயே அறிவித்தார்: "இனிமே இந்தக் கம்பெனியில டெர்மினேஷன்ங்கற வார்த்தையே இருக்கக் கூடாது."

நாங்கள் கைதட்டினோம். இனிமேல் யாரையும் நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்துவிட்டோம். அவர் எடுத்தது வார்த்தையை மட்டும்தான். அதற்குப் பதிலாக 'ரிலீஸ்' என்று ஒன்றை வைத்தார், ஏதோ இத்தனை நாள் நாங்கள் ஜெயிலில் கிடந்ததுபோல. போகிறவர் மனக்கசப்போடு போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதற்காக ஒரு கேக், ஜி.எம். என்ற ஜெனரல் மேனேஜரின் சின்னப் பேச்சு, எல்லோரும் சிரிக்கும் ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, 'புதிய பயணத்துக்கு வாழ்த்துகள்' என்று கீழே எழுதுவார்கள். பயணம் எங்கே என்று அந்த ஆளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை நிர்மல் சார் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், வியாழக்கிழமைக்கு ஒரு கேக். சாக்லேட் வேணாம், போன தடவை கார்பெட்ல பட்டுடுச்சு. தேங்க் யூ பாண்டின்னு எழுதச் சொல்லுங்க."

"எந்தப் பாண்டி சார்?"

"நம்ம இன்பவுண்ட் பாண்டி."

"அவருக்குத் தெரியுமா?"

"நான் வியாழக்கிழமை பேசிக்கறேன். அதுவரைக்கும் கான்ஃபிடென்ஷியல்."

பர் துபாயில் பேக்கரி வைத்திருந்தவர் ஒரு மலையாளி. போனில் என் குரலைக் கேட்டதுமே, "பின்னேயும் ஒராள் போயோ சேச்சி?" என்றார், மறுபடியும் ஒரு ஆள் போயாச்சா என்று. எழுத வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

டாக்கில்

பாண்டியராஜனுக்குச் சிவகங்கைப் பக்கம். கண்டெய்னரிலிருந்து பெட்டி இறக்கும் ஆளாகச் சேர்ந்து, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து, இன்பவுண்ட் சூப்பர்வைசராக ஆனவர். அதாவது உள்ளே வரும் சரக்குக்கெல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். சம்பள உயர்வு கேட்டு ஒருநாளும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதில்லை. ஷார்ஜாவில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் மனைவி மல்லிகாவோடும் மகள் நிவேதாவோடும் இருந்தார். நிவேதாவுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் இருவருடைய விசாவும் அவருடைய விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடையது கேன்சல் ஆனால் மற்ற இரண்டும் பின்னாலேயே ஆகும். பரீட்சைக்கு முன்னால் பிள்ளை பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

கான்ஃபிடென்ஷியல் என்றால் யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் அது ஒரே ஒருவரிடமிருந்துதான். அதற்குப் பெயர் ரகசியம் இல்லை, பதுங்கிப் பாய்வது. மத்தியானம் எழுந்து, சரக்கு இறக்கும் டாக்குக்குப் போனேன்.

திறந்திருந்த கண்டெய்னருக்குள்ளிருந்து வெந்த காற்று வந்துகொண்டிருந்தது. பாண்டி பெட்டிகள் அடுக்கும் மரப் பேலட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இந்த வெக்கையில இங்க வந்துட்டீக?"

"பாண்டி, வியாழக்கிழமைக்கு கேக் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"யாருக்கு?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவர் கையுறைகளைக் கழற்றினார்.

"எதுவும் தப்பு வந்துருச்சாக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"சரக்குல எதுவும் வித்தியாசம்..."

"அப்படி எதுவும் எங்கிட்ட வரல பாண்டி."

"அப்ப ஏன்?"

"தெரியல. எங்கிட்ட கேக் மட்டுந்தான் சொன்னாங்க."

அவர் ஒரு பேலட்டின் மேல் உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நேபாளிப் பையன் ஹாரன் அடித்தான். பாண்டி எழுந்து அவனுக்கு வழிவிட்டார். கையுறைகளை மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீகக்கா. கூப்பிட்டாகன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள போயிருப்பேன்."

அறைக்குள்

வியாழக்கிழமை அந்த அறையில் நானும் இருந்தேன். ஐ.டி. கார்டு, கேட் பாஸ், கம்பெனி போன் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது என் டூட்டி. மேசைமேல் டிஷ்யூ பெட்டி வைப்பதும் என் டூட்டிதான். அழுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும் என்று நிர்மல் சார் உத்தரவு போட்டிருந்தார். ஆளை அழ வைப்பதில் அவ்வளவு முன்யோசனை. பாண்டி தலையை ஈரம்வைத்துச் சீவி, சுத்தமான யூனிஃபார்மில் வந்து உட்கார்ந்தார்.

"பாண்டி, நீங்க எங்களுக்கு ஃபேமிலி மாதிரி," என்று நிர்மல் சார் ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சார்."

"கம்பெனியில ஒரு ரீஸ்ட்ரக்சரிங் நடக்குது. அதுல உங்க பொசிஷனை எடுக்கறோம். ஆளை இல்ல, பொசிஷனை. இதை நீங்க பெர்சனலா எடுத்துக்கக் கூடாது."

"அந்தப் பொசிஷன்ல நாந்தான சார் இருக்கேன்?"

"ஆமா. ஆனா..."

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லவே இல்ல. யூ ஆர் எக்ஸலன்ட்."

"சரக்கு வரத்து கொறஞ்சிருச்சா? நேத்துக்கூட டாக் பூராம் வண்டி நின்னுச்சே சார்."

"அப்படிப் பார்க்கக் கூடாது பாண்டி."

"எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க, பாக்குறேன்."

நிர்மல் சார் சிரித்தார். பிறகு ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். அது பாண்டியே தன் சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுவதாக டைப் செய்த ராஜினாமா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இது உங்களுக்குத்தான் நல்லது. நாளைக்கு இன்னொரு கம்பெனிக்குப் போறப்ப டெர்மினேட் பண்ணாங்கன்னு இருந்தா உங்களுக்குக் கஷ்டம்."

ஒழித்துவிட்டதாக அவர் சொன்ன வார்த்தை, பயமுறுத்த வேண்டிய நேரத்தில் மட்டும் டிராயருக்குள்ளிருந்து வெளியே வந்தது.

பாண்டி தாளைத் தொடவில்லை. "சார், நான் போகலையே. நீங்க அனுப்புறீக. அனுப்புறோம்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"ஏன் இதைக் காம்ப்ளிகேட் பண்றீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன், அம்புட்டுதான். நோட்டீஸ் குடுங்க. அது முடியிற வரைக்கும் டூட்டிக்கு வருவேன்."

நிர்மல் சார் என்னைப் பார்த்தார். ஐ.டி. கார்டை வாங்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்காது. இதுவரை எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போடாத ஆளை என்ன செய்வது என்று அவருடைய படிப்பில் இல்லை.

கைதட்டல்

அதற்குள் வெளியே கேக் வந்துவிட்டது. ஷிஃப்டில் இருந்த எல்லோரையும் ரிசப்ஷனில் கூட்டி நிற்க வைத்திருந்தார்கள். ஜி.எம். ஒரு வெள்ளைக்காரர். வேர்ஹவுஸ் பக்கம் வருவது அபூர்வம். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பாண்டியின் பெயரைத் தப்பாக உச்சரித்து, அவர் கம்பெனிக்குக் கொடுத்த உழைப்பைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு கத்தியைப் பாண்டியின் கையில் கொடுத்தார்.

பாண்டி கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்து இந்தியில் பேசினார். வேர்ஹவுஸில் நேபாளிக்கும் பெங்காலிக்கும் பாகிஸ்தானிக்கும் தமிழனுக்கும் பொதுவான பாஷை அதுதான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாய், எல்லாரும் கேட்டுக்கங்க. கம்பெனி என்னை நிறுத்திருச்சு. நானாப் போகல. காரணம் கேட்டேன், மாஃபி, ஒண்ணும் இல்ல. இந்தக் கேக்கை நான் வெட்ட மாட்டேன். டாக்ல வண்டி நிக்குது. யல்லா, போவோம்."

ஜி.எம்.முக்கு இந்தி தெரியாது. நன்றி சொல்கிறார் என்று நினைத்து முகம் நிறையச் சிரித்துக் கைதட்டினார். நிர்மல் சார் அவர் காதருகில் குனிந்து, "ஹி இஸ் வெரி எமோஷனல்" என்றார். ஜி.எம். இன்னும் பலமாகத் தட்டினார். அவர் தட்டுகிறாரே என்று ஆபீஸ் ஆட்களும் தட்டினார்கள். வேர்ஹவுஸ் ஆட்கள் மட்டும் தட்டாமல் பாண்டியின் பின்னால் வெளியே போனார்கள்.

போட்டோ எடுக்க வந்திருந்த மார்க்கெட்டிங் பெண் கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள். "யாரை எடுக்கணும் ஆன்ட்டி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். ஜி.எம். தானே ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று என்னைக் கேட்டார். பேக்கரி பெயரைச் சொன்னேன்.

பேச்சு

காரணம் சொல்லாமல் ஒருவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஹெச்.ஆர். புத்தகங்களில் போட்டிருக்கிறதா தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனி சொல்லாத காரணத்தை மற்றவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அடுத்த வாரமே கேம்ப்பில் கதை கிளம்பிவிட்டது. சென்ட் பாட்டில் பெட்டிகள் காணாமல் போயின என்று ஒரு கதை. வெளி லாரிக்காரர்களிடம் காசுக்குக் கை நீட்டினார் என்று இன்னொரு கதை. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்தவரைச் சும்மாவா அனுப்புவார்கள் என்பது அவர்கள் நியாயம். சும்மா அனுப்பினார்கள் என்று நம்பினால் நாளைக்குத் தங்களையும் சும்மா அனுப்பலாம் என்று நம்ப வேண்டிவரும். அதைவிடப் பாண்டி திருடினார் என்று நம்புவது மனதுக்கு லேசு. கதை சிவகங்கை வரைக்கும் போய், மல்லிகாவின் அண்ணன் போன் செய்து, "என்ன மாப்ள, ஏதோ கேள்விப்பட்டோம்" என்று இழுத்தாராம்.

பக்கத்து வேர்ஹவுஸ் ஒன்றில் இன்டர்வியூவுக்குப் போனார். ஏன் அங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நிறுத்திவிட்டார்கள் என்றார். ஏன் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"திருடன்னு சொல்றவய்ங்களப் பத்திக் கவலையில்லக்கா. நேத்து சாப்பிடும்போது எம் புள்ள கேக்குது, நெசமாவே நீங்க எதுவும் பண்ணலயாப்பான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. எனக்கே ஒண்ணும் தெரியலயே. நானே ஏதும் பண்ணித்தொலைச்சிட்டனோன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்."

காரணம்

இதற்கு நடுவில் நிர்மல் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாண்டிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, யார் சொன்னது என்றார்.

"நான்தான் சொன்னேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பேன், விசாரிக்கலாம் என்று இருந்திருப்பார். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, வார்னிங் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கொடுங்கள் என்றேன். பிறகு கொடுத்தார். சக ஊழியரின் விடைபெறும் அனுபவத்தைக் கெடுத்துவிட்டேனாம். அந்த வாக்கியத்தை வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

அன்று அந்த அறையை விட்டு எழுவதற்கு முன் கேட்டேன். "சார், எனக்கு வார்னிங் குடுங்க, பரவாயில்ல. ஆனா ஏன் பாண்டி? இத்தனை சூப்பர்வைசர்ல ஏன் அவரு?"

கதவு மூடியிருந்தது. நானும் கத்தவில்லை. அதனாலோ என்னவோ, அவர் முதல் தடவையாக உண்மையைப் பேசினார்.

"ஹெட் ஆபீஸ்ல ஒவ்வொரு சைட்லேருந்தும் ஒரு பேர் கேட்டாங்க மேடம். யாரா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு பேர் குறையணும். எல்லாரையும் பார்த்தேன். ஒருத்தர் யூனியன் மாதிரி பேசுவார். ஒருத்தர் ஜி.எம். வரைக்கும் போவார். பாண்டி அமைதியானவர். ஸ்மூத்தா போயிடுவார்னு நினைச்சேன்."

"அவ்வளவுதானா சார்?"

"இதுல வேற என்ன இருக்கு?"

அவருக்கு அதில் கூச்சமே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பென்சில் டப்பாவிலிருந்து கைக்கு வந்த பென்சிலை எடுப்பதுபோல எடுத்திருக்கிறார். கைக்கு ஏன் வந்தது? சத்தம் போடாது என்பதால் வந்தது. ஒருவருடைய நல்ல குணத்தைப் பார்த்து, அது தங்களுக்கு எப்படி வசதி என்று யோசிக்கிற மூளைக்குத்தான் சம்பளமும் காரும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பாண்டியிடம் போய் அப்படியே சொன்னேன்.

"அப்ப நான் சத்தம் போட்டுருந்தா வச்சிருப்பாகளாக்கா?"

"வச்சிருப்பாங்க போல."

தரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "நீங்க ஒரு நாள் வீட்டுக்கு வாங்கக்கா. இதை எம் புள்ளகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா சமாளிக்கிறேன்னு நெனைக்கும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் என் கணவரும் ஷார்ஜாவுக்குப் போனோம். மல்லிகா மீன்குழம்பு வைத்திருந்தாள். நிவேதா அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். பாண்டி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நிர்மல் சார் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

"அவ்ளோதானா ஆன்ட்டி? பிகாஸ் ஹி இஸ் கொயட்?"

"அவ்வளவுதான்மா."

"ஆன்ட்டி, தட் இஸ் சோ சீப்."

நான் சொல்ல நினைத்துச் சொல் கிடைக்காமல் இருந்ததை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. எழுந்து பால்கனிக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பாண்டி, "மல்லிகா, எல்லாருக்கும் சோத்தப் போடு" என்றார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் நிமிர்ந்து பேசியது அப்போதுதான்.

இல்லாத வேலை

நோட்டீஸ் முடியப் போகும் சமயத்தில், புதிதாக ஒருவருக்கு மேசையும் ஐ.டி. கார்டும் தயார் செய்யச் சொன்னார்கள். பதவியின் பெயர் இன்பவுண்ட் எக்ஸலன்ஸ் லீட். வந்தது கோயம்புத்தூர்க்காரப் பையன். நல்ல பையன். எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நிர்மல் சார் அவனை டாக்குக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாண்டியிடம் விட்டார்.

"பாண்டி, இவருக்கு வேலையைக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க."

"எந்த வேலையை சார்?"

"உங்க வேலையைத்தான்."

"அந்த வேலைய எடுத்துட்டோம்னு சொன்னீகளே. எடுத்துட்ட வேலைய நான் எப்படிச் சொல்லிக் குடுக்குறது?"

"இது வேற ரோல்."

"அப்படின்னா எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லிக் குடுங்க."

நிர்மல் சாரால் ஒரு கண்டெய்னர் கதவின் சீல் முத்திரையைக்கூட உடைத்துக் காட்ட முடியாது. அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு ஏ.சி.க்குள் திரும்பி வந்தார். அன்று முழுக்க அவனுக்குக் கம்பெனியின் கொள்கைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள்.

பாண்டி லேபர் ஆபீஸுக்கும் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். வேலையே இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டு, அதே வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். கவுன்டரில் இருந்தவர் சூடான்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். நோட்டீஸ் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். கணக்கைத் தீர்க்கிறார்களா? தீர்க்கிறார்கள். காரணம் எழுதியிருக்கிறார்களா? 'வியாபாரத் தேவை' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கையை விரித்தார். அதுவும் காரணம்தான், புதிய ஆளுடைய பதவிக்குப் பெயர் வேறு, கலாஸ் என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் அவரால் பார்க்க முடியும். எழுதியவர்களுக்கு வெட்கம் இருந்ததா என்று பார்க்க ஒரு கட்டம் இல்லை.

தேரா

துபாயின் தேரா கடைத்தெருவில் மசாலாவும் உலர்பழமும் மொத்த வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் உண்டு. எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். என் கணவர்தான் அவருடைய கடைக்கும் குடோனுக்கும் ஏ.சி. சர்வீஸ். குடோனுக்குப் பொறுப்பான ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, பாண்டியைப் பற்றிச் சொல்லி அனுப்பினோம். ஹாஜியார் எனக்கே போன் செய்தார்.

"ஏம்மா, அந்த மனுஷன அங்க எதுக்கு நிறுத்தினாங்க? மறைக்காமச் சொல்லு."

"சத்தம் போட மாட்டாருன்னு நிறுத்தினாங்க ஹாஜியார்."

"இங்க சத்தம் போட நான் ஒருத்தன் போதும். அனுப்பி வை" என்றார்.

சேரும் நாளில் பாண்டியிடம் அவர் சொன்னதைப் பாண்டி என்னிடம் சொன்னார். "இங்க பாருங்க, வியாபாரம் நல்லா ஓடுற வரைக்கும் வேலை. படுத்துட்டா நானே உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லுவேன். சம்மதமா?" சம்மதம் என்று பாண்டி சேர்ந்தார். விசா மாறியது. சம்பளம் குறைவுதான். நிவேதா ஷார்ஜாவிலேயே பரீட்சை எழுதி முடித்து, திருச்சியில் காலேஜில் சேர்ந்தாள்.

ஹாஜியாரைப் பெரிய மகானாக நினைத்துவிட வேண்டாம். மகா கஞ்சன். லீவு கேட்டால் முகம் சுருங்கும். குடோனில் ஒரு மூட்டை கிழிந்தால் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டுவார்.

பெரிய கடைகள் நேராக இறக்குமதி செய்ய ஆரம்பித்ததும் அவருடைய வியாபாரம் தேய்ந்தது. ஒருநாள் பாண்டியைக் கூப்பிட்டு முந்திரி மூட்டைமேல் உட்காரச் சொன்னார். இன்னின்ன கடைக்காரர்கள் போய்விட்டார்கள், குடோனை விடப்போகிறேன், உங்களுக்குச் சம்பளம் தர எனக்கு இனிக் கட்டுப்படியாகாது, ரமலான் முடியும்வரை இருங்கள், அதற்குள் நானும் தேடுகிறேன் என்றார். பாண்டி அன்று எனக்குப் போன் செய்தார்.

"மறுபடியும் வேலை போச்சுக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கோவந்தான் வந்துச்சு. முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல, இம்புட்டு நாள் ஏன் சொல்லலன்னு கேட்டேன். அவரும் கத்துனாரு, நானும் கத்துனேன். அப்பறம் டீ சொன்னாரு, குடிச்சோம்."

"வீட்ல?"

"சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் உங்களுக்குப் பேசறேன்."

இரண்டாவது தடவையும் வேலை போனது போனதுதான். அந்த மாதமும் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆனால் இந்த முறை யாரும் கதை கட்டவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவரும் தேடவில்லை. ஹாஜியார் தெரிந்த இடமெல்லாம் போன் போட்டு, கடைசியில் ஷார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சொல்லிவிட்டார். பாண்டி இப்போது அங்கேதான் இருக்கிறார்.

நிர்மல் சாருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. வளைகுடா முழுவதற்கும் ஹெச்.ஆர். தலைவர் ஆனார். ஊழியர்களின் மனம் நோகாமல் அவர்களை வழியனுப்புவது எப்படி என்று ஒரு பெரிய ஹோட்டலில் பேசினார். அதற்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். அங்கே போக அவருக்கு விமான டிக்கெட் போட்டது நான்தான். தெய்வம் அவரைத் தண்டித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

ஹெச்.ஆர். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஆளை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரம் படுக்கும், சரக்கு நிற்கும், சில பேர் உண்மையிலேயே வேலை செய்யமாட்டார்கள். வளைகுடாவில் சட்டமும் உங்களை ரொம்பக் கேள்வி கேட்காது. ஆனால் நீங்கள் நிறுத்துகிற மனிதர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போவார். வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். அங்கே அவர் சொல்லக்கூடிய ஒரு பதிலை, அவருக்குப் புரிகிற பாஷையில், நீங்களே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பதிலைச் சொல்ல உங்கள் வாய் கூசினால், தப்பு அவரிடம் இல்லை. அவரைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.